விலாசம் சொல்லும் பெட்டி

அப்பத்தா வீட்டின் மூன்றாம் கட்டில் ஒரு சாமான் அறை இருக்கிறது. பித்தளை அண்டா, வெண்கலப் பானை, எவர்சில்வர் தூக்கு, இனாமல் அடுக்கு என்று கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருக்கும். எதை எடுத்துத் திருப்பினாலும் விளிம்புக்குக் கீழே சில எழுத்துகள் வெட்டியிருக்கும். அதுதான் விலாசம். மற்ற ஊர்களில் விலாசம் என்றால் முகவரி. நகரத்தார் வீடுகளில் அது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த தொடர். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய கடைகள் அந்த எழுத்துகளாலேயே அறியப்பட்டன. கல்யாணத்துக்குப் பங்காளி வீடு நாலுக்குப் பாத்திரம் இரவல் போனாலும், விலாசத்தைப் பார்த்துச் சரியாக வீடு திரும்பிவிடும்.

சித்தப்பா மகன் காரைக்குடியில் ரப்பர் வாஷர், சீல் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். அமெரிக்க ராணுவக் கிடங்குகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்திலிருந்து அவனுக்கு விசாரணை வந்தது. பொருளின் அளவும் தரமும் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன. பெட்டியில் எதை, எங்கே ஒட்ட வேண்டும் என்பது பக்கம் பக்கமாகப் போனது. அதில் முக்கியமானது, ரேடியோ அலையால் படிக்கப்படும் 'டேக்' என்ற லேபிள். "அண்ணே, இந்த ரேடியோ டேக்குக்குள்ள நம்ம சரக்கு விவரம் பூராத்தையும் எழுதிடணுமா?" என்று கேட்டான்.

வேண்டாம். அந்த டேக்குக்குத் தன் எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. மற்றதெல்லாம் வேறோர் இடத்தில், சிட்டையில், அதாவது சரக்குப் பட்டியலில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பக்கங்கள் எல்லாமே எளிதாகிவிடும். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க ராணுவம் சுமார் 40,000 கண்டெய்னர்களைக் கடல் கடந்து அனுப்பியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அங்கே திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கேட்ட பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதையே மறுபடி கேட்டார்கள், அதுவும் வந்து குவிந்தது. துறைமுகத்தில் நின்ற அந்தக் குவியல்களுக்கு 'இரும்பு மலைகள்' என்றே பெயர் வந்தது.

அதற்குப் பிறகு கண்டெய்னர்களில் பேட்டரி வைத்த டேக்குகள் வந்தன. இவை 433 மெகாஹெர்ட்ஸில் சொந்த சக்தியிலேயே ஒலிபரப்பும், தூரத்திலிருந்தே கேட்கும். ஆனால் விலை அதிகம், பேட்டரியும் தீரும். வேலை செய்யாமல் சும்மா கிடந்தாலும் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் காரைக்குடி ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு கண்டெய்னருக்குக் கட்டுப்படியாகிற செலவு ஒவ்வோர் அட்டைப்பெட்டிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பேட்டரியே இல்லாத டேக் தேவைப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2003 அக்டோபரில் இதை அறிவித்தது, 2004 ஜூலையில் இறுதிக் கொள்கையை வெளியிட்டது. 2005 தொடக்கத்திலிருந்து சப்ளையர்கள் அட்டைப்பெட்டியிலும், பெட்டிகளை அடுக்கித் தூக்கும் தட்டான பாலெட்டிலும் டேக் ஒட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். முதலில் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா, கலிபோர்னியாவின் சான் வாக்கீன் என்ற இரண்டு பெரிய கிடங்குகளுக்குப் போகும் சரக்குக்கு மட்டும் விதி வந்தது. உணவுப் பொட்டலம், உடை, உதிரிபாகம், சிப்பாய்களின் சொந்த உபயோகப் பொருள் ஆகிய வகைகளில் தொடங்கினார்கள்.

பேட்டரி இல்லாமல் ஒரு காகித லேபிள் எப்படிப் பேசும்? திருச்சியிலிருந்து காரைக்குடி வருகிறவர்கள் இதை லெம்பலக்குடி சுங்கச்சாவடியில் பார்த்திருப்பார்கள். கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இதே குடும்பம்தான்.

லேபிளைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே கோலம் போல வளைந்து வளைந்து ஓடும் ஓர் உலோகக் கோடு இருக்கும். அது ஆன்டெனா. நடுவில் மிளகை விடச் சிறிய ஒரு சில்லு. நம் நாட்டில் இந்த வேலைக்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். ஆன்டெனா அதில் பாதி நீளம் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். பதினேழு சென்டிமீட்டர் கோட்டைச் சின்ன லேபிளுக்குள் அடக்கத்தான் அந்தக் கோல வளைவுகள். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. ஒரே டேக் இரண்டு நாட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்பதால் 860 முதல் 960 வரை எதையும் ஏற்கும்படி அதை வடிவமைக்கிறார்கள். காரைக்குடியில் ஒட்டிய டேக் கலிபோர்னியாவில் பேசுவது இதனால்தான்.

டேக்கைப் படிக்கும் கருவிக்கு ரீடர் என்று பெயர். அது அலையை வீசிக்கொண்டே இருக்கும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஆன்டெனாவுக்கு அதில் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வந்து சேராது. சில்லுக்கு அதுவே தாராளம். வந்த அலையை நேர்மின்னோட்டமாக்கி அது விழித்துக்கொள்கிறது. ஆனால் திருப்பி ஒலிபரப்பும் அளவுக்கு அதனிடம் சக்தி இல்லை. அதனால் ஒலிபரப்பாமலேயே பேசுகிறது. வளவில் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியால் எதிர்த் தூணில் ஒளியைப் பாய்ச்சி விளையாடியிருப்போம். கண்ணாடியைக் கையால் மூடித் திறந்தால் தூணில் ஒளி விட்டுவிட்டு மின்னும். ஒளி சூரியனுடையது, மூடித் திறப்பது மட்டும் நம்முடையது. சில்லும் அதைத்தான் செய்கிறது. ஆன்டெனாவோடு இணைந்த மின்தடையை மாற்றி மாற்றி, ரீடரிடமிருந்து வந்த அலையையே கூட்டியும் குறைத்தும் எதிரொலிக்கிறது. அந்த ஏற்ற இறக்கங்கள்தான் பூஜ்யமும் ஒன்றும்.

இந்த உத்தியின் தொடக்கமும் ராணுவ ரகசியங்களோடு சேர்ந்ததுதான். 1945-ல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் சிறுவர்கள் மரத்தில் செதுக்கிய ஓர் அமெரிக்க முத்திரையைப் பரிசளித்தார்கள். அதற்குள் லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. வெளியிலிருந்து அலை வீசினால் மட்டும் உயிர் பெற்று, அறையின் பேச்சை எதிரொலியில் ஏற்றி அனுப்பியது. 1952-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

சரி, எண்ணுக்கு வருவோம். டேக்கில் இருப்பது 96 பிட் எண், அதாவது பூஜ்யமும் ஒன்றுமாக 96 இலக்கம். பாதுகாப்புத் துறையின் முறைப்படி முதல் 8 பிட், 'இது எங்கள் வகை எண்' என்று சொல்லும் தலைப்பு. எப்போதும் 00101111. அடுத்த 4 பிட் இது பாலெட்டா, அட்டைப்பெட்டியா என்று சொல்லும். அடுத்த 48 பிட் சப்ளையரின் ஐந்தெழுத்து அடையாளம். அமெரிக்காவில் இதைக் கேஜ் கோடு என்கிறார்கள். மீதி 36 பிட் வரிசை எண். 36 பிட்டில் 6,800 கோடிக்கு மேல் எண்கள் அடங்கும், ஒரு பட்டறைக்கு ஏழு தலைமுறைக்கும் போதும்.

இதைச் சொன்னதும் தம்பி சட்டென்று, "அப்ப விலாசம், அப்புறம் உருப்படி எண். அவ்வளவுதானே?" என்றான். அவ்வளவுதான். விலாசத்தை ஒரு பொது இடம் கொடுக்கிறது, இரண்டு பேருக்கு ஒன்றே வராது. தன் விலாசத்துக்குக் கீழே எண் மறுபடி வராமல் பார்த்துக்கொள்வது சப்ளையர் பொறுப்பு. இந்த இரண்டு ஒழுக்கமும் இருந்தால் யாரும் யாரையும் கேட்காமலேயே, உலகத்தில் ஒட்டப்படும் ஒவ்வொரு டேக்கும் தனி எண்ணாக இருக்கும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு பாலெட்டில் அறுபது பெட்டி இருந்தால் அறுபது டேக்கும் ஒரே நேரத்தில் கத்தாதா? கத்தும். அதைத் தடுக்க ஒரு குலுக்கல் முறை இருக்கிறது. 'பூஜ்யத்திலிருந்து பதினைந்துக்குள் ஆளுக்கு ஓர் எண் எடுங்கள்' என்று ரீடர் சொல்லும். பூஜ்யம் எடுத்த டேக் மட்டும் வாய் திறந்து, தற்காலிகமாக ஒரு 16 பிட் எண்ணைச் சொல்லும். ரீடர் அதையே திருப்பிச் சொன்னால்தான் தன் முழு அடையாளத்தைக் கொடுக்கும். பிறகு மற்ற டேக்குகள் தங்கள் எண்ணில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளும், அடுத்த பூஜ்யம் பேசும். இரண்டு டேக் ஒரே எண்ணை எடுத்து மோதிக்கொண்டால் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். மோதல் அதிகமானால் பதினைந்தை ரீடரே முப்பத்தொன்றாக்கும். பேசி முடித்த டேக் அந்த ஆட்டத்தில் வாய் மூடியிருக்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான டேக்குகள் இப்படி முடிந்துவிடும்.

ஒட்டும் இடத்தைப் பற்றி ஏன் இத்தனை விதிகள் என்று தம்பிக்கு எரிச்சல். மில்-எஸ்.டி.டி-129 என்ற ராணுவப் பொதிக்குறித் தரநிலைதான் இதைச் சொல்கிறது. எல்லா ஓரத்திலிருந்தும் குறைந்தது 5 சென்டிமீட்டர் உள்ளே, பெட்டியின் மூட்டிலோ டேப்பிலோ படாமல், வேறு டேக்கின் மேல் விழாமல் ஒட்ட வேண்டும். மனிதர் படிக்கும் எழுத்தும் பார்கோடும் கூடவே இருக்க வேண்டும், டேக் செத்தாலும் பெட்டி அனாதையாகிவிடக் கூடாது. இரவல் வாங்கிய ஒரு கை ரீடரை வைத்து அவனுக்கு நேரில் காட்டினேன்.

அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேக் அறையின் மறுகோடியிலிருந்து பதில் சொன்னது. அதே டேக்கைத் தேன்குழல் வைத்திருந்த தகர டின்னில் ஒட்டினோம், ரீடரைப் பக்கத்தில் கொண்டுபோயும் பதில் இல்லை. உலோகப் பரப்பில் பட்ட அலை தலைகீழாகித் திரும்பும். வருகிற அலையும் திரும்புகிற அலையும் பரப்பின் மேலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஆன்டெனாவுக்குக் குடிக்க எதுவும் மிஞ்சாது. டின்னுக்கும் டேக்குக்கும் நடுவே விரல் கனத் தெர்மோகோல் வைத்ததும் மறுபடி பேசத் தொடங்கிவிட்டது. பிறகு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் ஜாடி. தண்ணீர் அலையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், உள்ளே புகுந்ததை விழுங்கிவிடும். அங்கேயும் கைக்கெட்டும் தூரத்தில்தான் கேட்டது. ஆத்தங்குடிக் கல் ஒன்றின் மேல் வைத்தபோது இதைவிடப் பரவாயில்லை. பெட்டிக்குள் எந்த இடத்தில் உலோகம் படாமல் காற்று இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே ஒட்டுவது பொதிகட்டுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய கைப்பழக்கம். அனுப்பும் நேரத்தில் ஒவ்வொரு டேக்கும் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. அதனால் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது சிட்டை. சரக்கு போய்ச் சேருவதற்கு முன்பே, எந்தப் பாலெட் எண்ணுக்குள் எந்தெந்தப் பெட்டி எண்கள், அவற்றுக்குள் என்ன பொருள், எத்தனை என்ற பட்டியலைச் சப்ளையர் கணினி வழியாக அனுப்பிவிட வேண்டும். கிடங்கு வாசலில் பாலெட் உள்ளே நுழையும்போது ரீடருக்குக் கிடைப்பது வெறும் எண்கள். முன்னால் வந்த பட்டியலோடு அவை பொருந்தினால் வரவு ஏறிவிடும். பட்டியல் வராவிட்டால் எவ்வளவு நல்ல டேக்காக இருந்தாலும் பெட்டி ஓரமாகத்தான் நிற்கும், 1991-ல் நின்றது போல. கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது கையில் சிட்டையோடு ஒருவர் நின்று வாசிக்க, இன்னொருவர் பொருளைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார். அதில் வாசிக்கும் வேலையும் தொடும் வேலையும் இங்கே இயந்திரத்துக்குப் போயிருக்கின்றன. சிட்டை எழுதும் வேலை இன்னும் மனிதரிடம்தான். தவறு நேர்வதும் பெரும்பாலும் அங்கேதான் என்பது என் எண்ணம். தம்பியிடமும் டேக் பிரிண்டருக்கு முன்னால் கணக்கு எழுதும் ஆளைத் தேடச் சொன்னேன்.

மொத்தமாகக் கொட்டும் மணல், ஜல்லி, நிலக்கரி, தானியம் போன்றவற்றுக்கு இந்த விதி இல்லை. வெடிபொருள் பக்கத்தில் ரீடர் வைப்பதற்குத் தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. ரீடர் வீசும் அலை வெடிப்பானின் ஒயரில் மின்னோட்டத்தைத் தூண்டிவிடக் கூடும் என்ற கவலைதான் காரணம்.

லேபிள் பெட்டியோடு போய்விடும். உள்ளே இருக்கும் விலை உயர்ந்த பொருளுக்கு? ஒன்றின் விலை 5,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால், பொருளின் உடம்பிலேயே ஒரு நிரந்தரக் குறி வேண்டும் என்பது அதே துறையின் இன்னொரு விதி. டேட்டா மேட்ரிக்ஸ் என்ற சதுரப் புள்ளிக் கட்டம் அது. கீறல் விழுந்து ஒரு பகுதி அழிந்தாலும் மீதிப் புள்ளிகளை வைத்து முழு எண்ணையும் மீட்டுவிடும் கணக்கு அதற்குள் இருக்கிறது. இதிலும் முதலில் நிறுவனத்தின் விலாசம், பிறகு வரிசை எண்.

உலோகத்தில் அந்தக் குறியைப் போட லேசர் உண்டு. மற்றொரு வழி, கூரிய ஊசி ஒன்று வேகமாக அதிர்ந்து புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போவது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி, அப்பத்தாவின் எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். பாத்திரக் கடைக்காரர் அதிரும் பேனாவால் வெட்டிய விலாசம் அது. கோடு என்று நாங்கள் இத்தனை நாள் நினைத்திருந்தது, ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும் சின்னச் சின்னப் புள்ளிகள்.