ஆன்லைனில் மனநல சிகிச்சை: முதல் சில அமர்வுகளில் என்ன நடக்கிறது?

முன்பின் அறியாத ஒருவரிடம், அதுவும் ஒரு திரையின் வழியாக, மனத்தில் உள்ளதைச் சொல்லி என்ன பயன் கிடைத்துவிடப் போகிறது என்ற தயக்கம், ஆன்லைன் சிகிச்சையைத் தொடங்கும் பெரியவர்கள் பலருக்கு எழுகிறது. இந்த முறை கொரோனா காலத்தில் திடீரென்று முளைத்ததன்று. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனம் 1959ஆம் ஆண்டிலேயே இருவழித் தொலைக்காட்சி இணைப்பின் மூலம் குழு சிகிச்சையை நடத்திப் பார்த்தது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் இணைய வடிவத்தை நேரடிச் சிகிச்சையுடன் ஒப்பிட்ட 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. அவற்றுள் பெரும்பாலானவை, சிகிச்சையாளரின் வழிகாட்டலோடு படித்துப் பயிலும் இணையப் பாடங்களைப் பற்றியவை. வீடியோ அழைப்பு வழியிலான சிகிச்சையைத் தனியே சோதித்த ஆய்வுகளும் மனச்சோர்வு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம் ஆகியவற்றில் இதை ஒத்த முடிவுகளையே தந்துள்ளன.

முதல் அமர்வுக்கு முன்பாகவே ஒப்புதல் படிவமும் சில கேள்வித்தாள்களும் வந்து சேரும். பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாள், கடந்த 2 வாரங்களில் தூக்கம், பசி, சோர்வு, ஆர்வமின்மை போன்ற 9 தொல்லைகள் எவ்வளவு அடிக்கடி இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடச் சொல்கிறது. அதிகபட்ச மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மேலும் விசாரிப்பது வழக்கம். தைராய்டு குறைபாடும்கூட இதே சோர்வையும் மந்தத்தையும் தரக்கூடும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. பலர் அஞ்சிப்போய் அங்கே பூஜ்யத்தை இட்டுவிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் உடனே எங்கோ அனுமதித்துவிடுவார்கள் என்ற அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. அந்த எண்ணம் எவ்வளவு தீவிரமானது, திட்டம் ஏதும் உண்டா, எது தடுத்து நிறுத்துகிறது என்று சிகிச்சையாளர் நிதானமாக விசாரிப்பதற்கே அந்தப் பதில் வழிவகுக்கிறது.

வீடியோவில் முகம் தெரிந்ததும் வருகிற முதல் கேள்வி பலரை வியப்பில் ஆழ்த்தும்: இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள்? ஒவ்வோர் அமர்விலும் இது கேட்கப்படலாம். நேரில் வந்தவருக்கு ஆபத்து நேர்ந்தால் அறையிலேயே உதவலாம். திரைக்கு அப்பால் இருப்பவருக்கு ஆம்புலன்ஸை அனுப்ப இடம் தெரிந்திருக்க வேண்டும். தொழில் உரிமமும் பல இடங்களில் நாடு அல்லது மாநில எல்லைக்கு உட்பட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டால் எந்த எண்ணுக்குப் பேசுவது, நெருக்கடியில் யாரைத் தொடர்புகொள்வது என்பவையும் அப்போதே முடிவாகும். சொல்வது ரகசியமாகக் காக்கப்படும் என்ற உறுதிமொழியோடு அதன் விலக்குகளும் கூறப்படும்: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைகள் மீதான வன்கொடுமை, நீதிமன்ற ஆணை ஆகியவை பொதுவாக அவற்றுள் அடங்கும்.

மீதமுள்ள நேரமெல்லாம் கேள்விகளாகவே கழிவதால், 45 அல்லது 50 நிமிடங்கள் முடிந்தபின் ஒன்றும் நடக்கவில்லை என்ற ஏமாற்றம் எழுவதுண்டு. உண்மையில் மிக முக்கியமான ஒன்று அங்கே தொடங்கிவிட்டது. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல், எந்த வகைச் சிகிச்சையானாலும் அதன் அடித்தளம் மூன்று என்றார்: இலக்கில் உடன்பாடு, அதற்கான வழிமுறையில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. முதல் சில அமர்வுகளில் இந்த உறவு எவ்வளவு வலுவாக அமைகிறது என்பது இறுதிப் பலனோடு தொடர்புடையது என்று பிற்கால ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆகவே, "எனக்கு என்ன மாற வேண்டும்" என்பதை ஓரிரு வாக்கியங்களில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது உண்மையிலேயே உதவும்.

திரை இந்த உறவைத் தடுப்பதில்லை என்றாலும் சிலவற்றை மறைக்கிறது. இயல்பான உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்குள் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் கழிகிறது. இணைப்பின் தாமதம் அந்தத் தாளத்தைக் குலைக்கிறது. நீங்கள் மூன்று நொடி மௌனமானால் அது துக்கமா, யோசனையா, படம் உறைந்துவிட்டதா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. சிகிச்சையாளர் உங்கள் கண்களைப் பார்க்கும்போது கேமராவைப் பார்ப்பதில்லை என்பதால், அவர் வேறெங்கோ பார்ப்பதுபோல் தோன்றும். மேசைக்கு அடியில் நடுங்கும் கால் அவர் பார்வைக்கு வராது. இதற்கெல்லாம் எளிய தீர்வு, உடலில் நடப்பதை வாய்விட்டுச் சொல்வதுதான்: "அழுகை வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்", "இதைச் சொல்லும்போது கை வியர்க்கிறது". தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது சோர்வைக் கூட்டுவதால், திரையில் அது தெரியும் சிறு கட்டத்தை மறைத்துவிடுவது நல்லது.

மறுபுறம், திரை தரும் இடைவெளியில் மனம் எளிதில் திறந்துகொள்வதும் உண்டு. உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் இதை விரிவாக விளக்கினார். முதல் நாளிலேயே நிறையக் கொட்டிவிட்டுப் பிறகு கூசிப்போகிறவர்கள், அந்தக் கூச்சத்தையே அடுத்த அமர்வில் பேசத் தொடங்கலாம்.

இருக்கும் இடத்திலேயே சிகிச்சை நடப்பதில், நேரடி அறையில் கிடைக்காத ஒரு வசதியும் உள்ளது. கிருமி அச்சத்தால் கைகளை ஓயாமல் கழுவும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் தன் வீட்டுக் கழுவுதொட்டிக்கு முன் கேமராவை வைத்து, கதவின் கைப்பிடியைத் தொட்டபின் குழாயைத் திறக்காமல் நிற்கிறார். சிகிச்சையாளர் அந்த நேரம் முழுவதும் உடனிருந்து, பதற்றம் பத்துக்கு எவ்வளவு என்று அவ்வப்போது கேட்கிறார். எட்டில் நிற்கும் பதற்றம், கைகழுவாமலேயே மெல்லத் தணியலாம். தணிய நேரமானாலும், அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது, அஞ்சிய கேடு நேரவில்லை என்பதை அவர் அனுபவத்தில் அறிகிறார். அச்சம் குடியிருக்கும் அதே இடத்தில் பெற்ற பாடம் என்பதால், அதை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுசெல்லும் தனி முயற்சி குறைகிறது.

தனியறை கிடைக்காதவர்கள் நிறுத்தி வைத்த காரில் அமர்ந்து பேசுவதும், ஹெட்போன் அணிந்து, பேச்சு பிறர் காதில் விழாதபடி அறைக்கு வெளியே ஒரு மின்விசிறியை ஓடவிடுவதும் நடைமுறையில் உள்ள வழிகள். அமர்வு முடிந்த மறுநிமிடமே வேறு வேலைக்குத் தாவாமல் சிறிது நேரத்தை ஒதுக்க வேண்டும்.

எல்லாருக்கும் இந்த வழி பொருந்தாது. தற்கொலைத் திட்டத்தோடு இருப்பவர்கள், இல்லாத குரல்கள் கேட்கும் அளவுக்கு நோய் முற்றியவர்கள், உணவை மறுத்து உடல் ஆபத்தான நிலையை எட்டியவர்கள் ஆகியோருக்கு நேரடி மருத்துவக் கவனிப்பே முதலில் தேவை. துன்புறுத்துபவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர், பேசுவது கேட்டுவிடும் அபாயம் இருப்பதால், பாதுகாப்பான வேறோர் இடத்தை ஏற்பாடு செய்தபின்பே தொடங்க வேண்டும்.

நான்கு முதல் ஆறு அமர்வுகள் முடிந்ததும் முதலில் நிரப்பிய கேள்வித்தாளை மறுபடியும் நிரப்பி, இரண்டு மதிப்பெண்களையும் சிகிச்சையாளரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒருவரின் நிலை மோசமாவதைச் சிகிச்சையாளர்கள் தம் கணிப்பால் மட்டும் கண்டுபிடிக்கத் தவறுவது அதிகம் என்பதை உளவியலாளர் மைக்கேல் லாம்பர்ட் குழுவின் ஆய்வுகள் காட்டின. இத்தகைய தொடர் அளவீடு அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. மதிப்பெண் அசையவில்லை என்றால் இலக்கை மாற்றலாம், முறையை மாற்றலாம், மருந்து தேவையா என்று மனநல மருத்துவரிடம் கேட்கலாம், வேறொரு சிகிச்சையாளரிடம் பரிந்துரைக்கும்படியும் கேட்கலாம். அப்படிக் கேட்பதைப் பயிற்சி பெற்ற எவரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.