ஒரே மேஸ் வாங்கினால் ஒரே சோதனை ஆகிவிடாது

வாளையாறுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லூரி, அந்தப் பக்கம் ஒரு கல்லூரி. ஒரே மூலிகைச் சாறு, ஒரே டோஸ், ஒரே கம்பெனியின் பிளஸ் மேஸ். (பதற்றத்தை அளக்க உயரத்தில் வைக்கும் கூட்டல் குறி வடிவ மேடை அது; இரண்டு கைக்குச் சுவர் உண்டு, இரண்டு கை திறந்தவை. பயந்த விலங்கு திறந்த கைக்கு அதிகம் போகாது.) பாலக்காட்டில் சுண்டெலிகளின் பதற்றம் குறைந்தது, கோவையில் ஒன்றும் ஆகவில்லை. உடனே ஆய்வு மாணவரின் கைடு எனக்கு போன் போட்டு, "டாக்டர், அங்கே இருக்கிற எலியிலே ஏதோ கோளாறு, பாருங்க" என்கிறார். நான் கால்நடை மருத்துவர்; எல்லையின் இரு பக்கமும் சோதனை விலங்குகள் வளர்க்கும் அனிமல் ஹவுஸ் பார்க்கிறேன். இதே போன் வருடா வருடம் வந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எலியில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு இடத்திலும் போய் ஓரமாக நின்று பார்த்தேன். ஓரிடத்தில் மேஸின் திறந்த கை ஒன்று ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்னோரிடத்தில் ஜன்னலே இல்லை, தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். ஓரிடத்தில் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் சேச்சி இரண்டு கையையும் குவித்து, சுண்டெலி தானாக ஏறும்வரை பொறுத்து எடுக்கிறார். மற்ற இடத்தில் தம்பி ஒருவர் வாலைப் பிடித்துத் தூக்கி, தலைகீழாகவே மேஸ்வரைக்கும் கொண்டுபோகிறார். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே எஸ்.ஓ.பி.யின், அதாவது செய்முறைக் குறிப்பின், நகல். அதில் இருப்பது "விலங்கை மேஸின் மையத்தில் வைக்கவும்" என்ற ஒரு வரிதான். எப்படித் தூக்க வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது.

எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். கருவியும் காகிதமும் ஒன்றாக இருந்தால் சோதனை தரப்படுத்தப்பட்டுவிட்டது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பிளஸ் மேஸ் தராசு அல்ல. அது ஒரு பயந்த பிராணியை உயரத்தில் விட்டு ஐந்து நிமிடம் வேடிக்கை பார்ப்பது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் அதற்கு முந்தைய ஐந்து நாளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூண்டு எப்போது மாற்றினார்கள், பக்கத்துக் கூண்டில் என்ன நடந்தது, அறைக்குக் கொண்டுவந்து எவ்வளவு நேரம் விட்டார்கள், முன்னால் போன எலியின் வாடையை ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டார்களா, எல்லாமே வரும்.

இது என் சொந்த ஊகம் அல்ல. 1999-ல் கிராப், வால்ஸ்டன், டூடெக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் போர்ட்லாண்ட், கனடாவின் எட்மன்டன், அமெரிக்காவின் அல்பனி என்று மூன்று ஊர்களில் எட்டு ஸ்ட்ரெயின்களை (சுண்டெலியின் மரபு வகைகளை) ஆறு சோதனைகளில் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். கருவி, வயது, நேரம் என்று முடிந்த அளவுக்கு எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். அப்படியும் சில சோதனைகளில், குறிப்பாக பிளஸ் மேஸில், ஊருக்கு ஊர் முடிவு மாறியது. எட்மன்டனில் சோதித்தவருக்குச் சுண்டெலி அலர்ஜி. ரெஸ்பிரேட்டர் (சுவாச முகமூடி) மாட்டிக்கொண்டே வேலை செய்தார். எந்த எஸ்.ஓ.பி.யில் அது எழுதியிருக்கும்? மது விருப்பம் போன்ற பெரிய வேறுபாடுகள் மூன்று ஊரிலும் நின்றன. சின்ன விளைவுகள்தான் நிற்கவில்லை. நம் ஊர் ஆய்வேடுகளில் பெரும்பாலும் இருப்பது சின்ன விளைவுகள்தான்.

தூக்கும் விதத்தின் விளைவை ஹர்ஸ்ட், வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் 2010-லேயே காட்டிவிட்டார்கள். வாலைப் பிடித்தால் பதற்றம் கூடும்; குழாயிலோ குவித்த கையிலோ எடுத்தால் குறையும். 2014-ல் கனடாவின் மான்ட்ரியால் ஆய்வுக் குழு, ஆண்கள் அறையில் இருந்தாலே, ஏன், அவர்கள் போட்ட டி-ஷர்ட் இருந்தாலே சுண்டெலிகளின் வலி உணர்வு மாறுகிறது என்று காட்டியது. சோதித்தது யார் என்று எந்த ஆய்வேட்டிலாவது எழுதுகிறோமா?

நம் பக்கத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் பாலக்காட்டுப் பக்கம் நெம்மாறை–வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழா. வெடி அதிர்வு சுற்று வட்டாரம் முழுக்க வரும். அந்த வாரம் அங்கே ஓப்பன் ஃபீல்ட் (விலங்கைத் திறந்த பெட்டியில் விட்டு நடமாட்டம் பார்க்கும் சோதனை) வைக்காதீர்கள், தயவுசெய்து. அடுத்தது கூண்டறை விளக்கை ஏற்றி அணைக்கும் டைமர். பழைய மோட்டார் டைமர் கரண்ட் போனால் அப்படியே நின்று, வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரு வாரம் அடிக்கடி கரண்ட் போனால் விலங்குகளின் இரவு மணிக்கணக்கில் தள்ளிப்போகும். நீங்களோ "காலை 10 மணிக்குச் சோதித்தோம்" என்று எழுதுவீர்கள். டைமர் முகப்பைத் தினம் பாருங்கள், பேட்டரி உள்ளதாக மாற்றுங்கள். யு.பி.எஸ்.ஸைச் சோதனை அறைக்குள் வைக்காதீர்கள்; அதன் சத்தம் நமக்குக் கேட்காவிட்டாலும் விலங்குக்குக் கேட்கலாம். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, சுண்டெலிக்கு 80-ஐத் தாண்டியும் கேட்கும்.

ஸ்ட்ரெயின் பெயரை முழுதாக எழுதுங்கள். "சி57" என்று மட்டும் எழுதினால் போதாது. அதன் கிளை வகைகளில் 6ஜே வேறு, 6என் வேறு. சி3ஹெச் என்ற ஸ்ட்ரெயினை வாங்கி, நீந்தி மேடையைக் கண்டுபிடிக்க வேண்டிய நீச்சல் மேஸில் விட்டுவிட்டு "நினைவாற்றல் குறைவு" என்று முடிவெழுதினால், விழித்திரை கெட்டுப் பார்வை போன விலங்கை நீங்கள் குறை சொல்கிறீர்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் அச்சு அசலாக ஒன்றாக்கிவிடலாமா என்றால், அதுவும் வேண்டாம். ஒரே வயது, ஒரே கூண்டு, ஒரே கை என்று இறுக்கிக்கொண்டே போனால், அந்த ஓர் அறைக்கு மட்டும் உண்மையான முடிவுதான் கிடைக்கும். ரிக்டர், கார்னர், வூர்பெல் என்ற ஆய்வாளர்கள் 2009-ல் இதைச் சொன்னார்கள். வயதையும் கூண்டு அமைப்பையும் வேண்டுமென்றே கொஞ்சம் பரப்பிவைத்துச் சோதித்தால் முடிவு திரும்பவும் நிற்க வாய்ப்பு கூடுகிறது என்று 2010-ல் அவர்கள் குழு காட்டியது. என் கருத்தும் அதுவே. தூக்குவது, வெளிச்சம், அறைக்குப் பழக்கும் நேரம், இவற்றை ஒன்றாக்குங்கள். மற்றவற்றை இரண்டு மூன்று தொகுதியாகப் பிரித்துச் சோதித்து, ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள்.

வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் வாங்குங்கள், போன் ஆப் வேண்டாம். மேஸின் மையத்தில் மட்டும் அல்ல, நாலு கை நுனியிலும் அளந்து எழுதுங்கள். எந்தக் கூண்டுக்கு மருந்து என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. இதை இன்னும் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்.

கடைசியாக, கைடுகளிடம் ஒரு வேண்டுகோள். முடிவு ஒத்துவரவில்லை என்றவுடன் எத்திக்ஸ் கமிட்டிக்கு இன்னும் முப்பது விலங்கு கேட்டு எழுதாதீர்கள். அவை உயிர்கள். முதலில் அந்தச் சேச்சியையும் தம்பியையும் ஒரு வாரம் ஒரே அறையில் வேலை செய்ய விடுங்கள். பஸ் கட்டணம்தான் செலவு. இருவர் செய்வதையும் வீடியோ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் வித்தியாசம் இருந்தால் எனக்கு போன் செய்யுங்கள், நானே வருகிறேன்.