கூடையோடு சொல்ல வேண்டிய கதை

பெங்களூரில் ஐப்பசி மழை நாலைந்து நாள் விடாமல் பெய்துவிட்டு, ஒரு காலையில் சட்டென்று வெயில் அடிக்கும். அன்று தெருவில் இறங்கினால் நடைபாதை முழுக்க மரமல்லி உதிர்ந்து கிடக்கும். தள்ளுவண்டிகளில் சீதாப்பழம் வந்திருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இந்தப் பருவத்துக்குக் கூதிர் என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் பலவற்றில், விளைச்சலுக்காக நன்றி செலுத்தும் அறுப்பின் பண்டிகை வருவதும் இந்த வாரங்களில்தான். நம்மில் பெரும்பாலோருக்கு வயலும் இல்லை, களத்துமேடும் இல்லை. முந்தின நாள் ரசல் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயையும் வாழைத்தாரையும் பீடத்தின் முன்னால் வைக்கிறோம். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஒரு கோழியை எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த நாள்.

ஆனால் மனநல ஆலோசகராக இந்த ஊரில் பதினாறு வருடம் வேலை பார்த்ததில், இதே வாரங்களில் வேறொன்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரலை. நான் விசுவாசத்துல பின்வாங்கிட்டேனா?"

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அம்மா வந்தார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆகஸ்டில் கணவர் தவறிவிட்டார். அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. பாட்டு தொடங்கியதும் எழுந்து வெளியே வந்துவிட்டார். வாசலில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழக்கூடாதுக்கா, ஸ்தோத்திரம் சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார்களாம். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் சபைப் பக்கமே போகவில்லை.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். தினமும் ராத்திரி மூன்று நன்மைகளை எழுதச் சொல்லி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். புரட்டினேன். உயிர், சுகம், சாப்பாடு. அடுத்த நாள் சுகம், உயிர், சாப்பாடு. பக்கம் பக்கமாக அதேதான். ஓரிடத்தில் மட்டும் 'சுகம்' என்று எழுதி, அதைப் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்திருந்தார். தாள் கிழிந்திருந்தது. "அன்னைக்கு என்ன ஆச்சும்மா?" என்று கேட்டேன். "எங்க கல்யாண நாள்" என்றார். அந்த நோட்டு முழுவதிலும் அவர் மனசு பேசிய இடம் அந்தக் கிழிசல் ஒன்றுதான்.

வேதாகமத்தில் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசிக்கக் கேட்டிருப்போம். நிலத்தின் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் தேவனுடைய சந்நிதியில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. விளைச்சலைப் பற்றி அவன் பேச்சைத் தொடங்குவதில்லை. தன் முற்பிதா நாடோடியாக எகிப்துக்குப் போனதையும், எகிப்தியர் ஒடுக்கி வேலை வாங்கியதையும், தாங்கள் கூப்பிட்டதையும், கர்த்தர் தங்கள் சிறுமையைப் பார்த்ததையும் வரிசையாகச் சொல்கிறான். பத்தாம் வசனத்தில்தான் தான் கொண்டுவந்த முதற்பலனைப் பற்றிய பேச்சே வருகிறது. பட்ட பாட்டைச் சொல்வதையும் சேர்த்துத்தான் அங்கே நன்றி செலுத்துகிறார்கள். நாம் கதையை வீட்டில் வைத்துவிட்டுக் கூடையை மட்டும் எடுத்துப் போகிறோம்.

13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. முதல் வசனத்தைத் தாண்டிக் குதித்துக் கடைசி வசனத்துக்குப் போகச் சொல்லி யாரையும் நாம் அவசரப்படுத்தக் கூடாது.

அந்த அம்மாவிடம் நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. எழுதும் விதத்தைத்தான் மாற்றினோம். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை ராத்திரி போதும். இடது பக்கத்தில் அந்த வாரம் எது வலித்தது என்று எழுத வேண்டும். வலது பக்கத்தில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும். 'சாப்பாடு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதக் கூடாது. "இந்த வாரம் யாராவது உங்க வீட்டுக் கதவைத் தட்டினாங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மாடி வீட்டுக் கன்னடக்காரப் பொண்ணு பிசிபேளாபாத் கொண்டுவந்தா. வேணாம்னேன். அவ போகலை. நான் ரெண்டு வாய் சாப்பிடற வரைக்கும் கதவுகிட்டயே நின்னா." அதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதும்போது அழுதார். நான் தடுக்கவில்லை.

வாரம் ஒரு முறை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு அந்த வாரம் நன்றி சொல்லத் தோன்றிய ஐந்து விஷயங்கள் வரை எழுதியது, இன்னொன்று எரிச்சல்களை, மற்றொன்று பொதுவாக நடந்தவற்றை. பத்து வாரம், வாரத்துக்கு ஒரு தடவை. நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவாக உணர்ந்தார்கள், உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். தினமும் கடமைக்கு எழுதினால் அது கையெழுத்துப் பயிற்சியாகிவிடுகிறது, பலரிடம் நான் பார்த்தது இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றிப் பயிற்சியால் கிடைக்கும் பலன் சிறிதளவே என்று தெரிகிறது. அது மருந்துக்கு மாற்று இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனசு இருண்டே இருந்தால், பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசு சேவை 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது. நம் ஊர் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று நாம் சொல்வதில்லையே. மனச்சோர்வுக்கு மாத்திரை போடுகிறவரை மட்டும் ஏன் சொல்கிறோம்?

உடனிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேதாகமத்தில் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், சாகிறேன் என்றபோது தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லவும் இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மாடி வீட்டுப் பெண் கதவருகே நின்றது எனக்கு அந்த அதிகாரத்தைத்தான் ஞாபகப்படுத்தியது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வேறு வருகிறது. ஓசூர் ரோட்டிலும் கல்பள்ளியிலும் உள்ள கல்லறைகளில் புல்லைச் செதுக்கி, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஒரே பருவத்தில் பீடத்தின் முன் நன்றியும் கல்லறையின் முன் கண்ணீரும் நமக்கு வாய்த்திருக்கின்றன. அறுப்பின் பண்டிகையன்று சபைப் போதகரான ஐயர் ஜெபிக்கும்போது, அந்த வருடம் வீட்டில் இழப்பு கண்டவர்களை ஒரு நிமிடம் நினைத்தால் எத்தனை பேருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்! எங்கள் சபையில் போன வருடம் கேட்டுப் பார்த்தோம். செய்தார்கள்.

அந்த அம்மா போன அக்டோபரில் போன் செய்தார். அவர் கணவர் வருடா வருடம் ஏலத்தில் பூசணிக்காய்க்குத்தான் கேட்பாராம். "இந்த வருஷம் நான் கேட்டேம்மா. எண்ணூறுக்கு எடுத்தேன். கையில வாங்கினதும் அவ்வளவு கனம். அங்கயே அழுதுட்டேன், யாரும் அழாதீங்கன்னு சொல்லலை. பக்கத்துல நின்னவங்க தூக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அவர் செய்வாரே, அதே மாதிரி மறுபடி ஏலம் விடச் சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டேன்."