கீமோவை முடிப்போருக்கு பெக்கா பி40 தரும் 1,000 ரிங்கிட்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சைக்குப் போய்வரும் பலருக்கு, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான மலேசிய அரசின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் தங்களுக்குப் பணம் இருப்பது தெரிவதில்லை. எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறுபவரும் அவருடைய கணவரோ மனைவியோ 40 வயதைத் தொட்டிருந்தால் போதும், தனியாகப் பதிய வேண்டாம். சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரியில் சிகிச்சை தொடங்கியதும் 300 ரிங்கிட், முடித்ததும் 700 ரிங்கிட். தீபகற்பத்தில் போக்குவரத்துக்கென 500 ரிங்கிட் வரை உண்டு. விண்ணப்பப் பாரத்தில் டாக்டர் உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், முதல் கீமோ அன்றே தாதியிடம் கேட்டுவிடுங்கள்.

சிகிச்சை நின்றால் அந்த 700 ரிங்கிட் போய்விடுமோ என்று காய்ச்சலை மறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது தொற்று வந்தால் சீழோ வீக்கமோ தெரியாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பனடோல் போட்டால் அதுவும் அடங்கிவிடும். ஆகவே முதலில் தெர்மோமீட்டர் வைத்துப் பாருங்கள். 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், நள்ளிரவானாலும் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், "கீமோ நோயாளி, கடைசி ஊசி இன்ன தேதி" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்.

டவுன் கிளினிக்கில் வேறு எதற்காவது மருந்து வாங்கினாலும் கீமோ புத்தகத்தைக் காட்டுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து சாப்பிடுபவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்கென்று கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால், இரண்டும் சேர்ந்து இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கிவிடலாம். கேப்பசிடபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுபவர், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் எடுத்தால் இரத்தக் கசிவு வரலாம்.

கேப்பசிடபினை வழக்கமாக 14 நாள் காலையும் மாலையும், சாப்பிட்ட அரை மணிக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு 7 நாள் ஓய்வு. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாக்கக் கூடாது. ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். டாக்டர் சொல்லி நிறுத்துவது வேறு, பாதியில் விட்டுப்போவது வேறு. பணம் போய்விடுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம்.

மாத்திரையை நொறுக்காதீர்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போட வேண்டும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கீமோவுக்குப் பின் 48 மணி நேரம் கழிவறை மூடியை மூடி இருமுறை தண்ணீர் விடுங்கள். மிஞ்சிய மாத்திரையைக் குப்பையில் போடாமல் ஆஸ்பத்திரி பார்மசியிலேயே திருப்பிக் கொடுங்கள்.