கத்திரி வெயிலில் கார் ஏன் முக்குகிறது?

மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிட்டால் காரைக்குடி ஒர்க்‌ஷாப்களில் ஒரே புகார்தான்: "காலையில நல்லா இழுக்குது, மத்தியானம் ஏசி போட்டா மூணாவது கியர்லயே முக்குது." இந்த இழுவைக் குறைவில் ஒரு பங்கு இயற்கை; அதற்கு எந்த மெக்கானிக்கும் ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம், வண்டியில் ஏற்கெனவே ஒளிந்திருந்த கோளாறு. வெயில் அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் பாகங்களை மாற்றத் தொடங்கினால் பர்ஸ்தான் இளைக்கும்.

முதலில் இயற்கையின் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 கிலோ. 25 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.18 கிலோ, 40 டிகிரியில் 1.13. அதாவது சுமார் 5 சதவீதம் குறைகிறது. காற்று குறைந்தால் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைக்கும்; சக்தியும் குறையும். ஆனால் இன்ஜின் உறிஞ்சுவது தெருக்காற்றை அல்ல. செக்காலை ரோட்டு நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பானெட்டுக்குள் சுழலும் காற்று 65 டிகிரியைத் தொட்டால், எடைக்குறைவு 12 சதவீதத்துக்குப் போய்விடும்.

இதன் தலையில் ஏசி கம்ப்ரசர் ஏறி உட்காருகிறது. வெயில் கூடக்கூட அதன் சுமையும் கூடும். 3 முதல் 5 குதிரைசக்தி வரை தின்னும். 80 குதிரைசக்தி வண்டிக்கு இது என்ன பெரிய கணக்கு என்று தோன்றலாம். ஆனால் அந்த 80 கிடைப்பது 6000 ஆர்பிஎம் பக்கத்தில். 2000-இல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 25, 30-தான் தேறும். அதில் 4 போனால் காலுக்கே தெரியும்.

மூன்றாவது திருடன் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை தீப்பொறியின் தீ வந்து சேருமுன் தானாக வெடிக்கப் பார்க்கும். அந்த 'டக் டக்' சத்தத்தை நாக் சென்சார் பிடித்ததும் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இன்ஜின் பிழைக்கும், பிக்கப் சாகும்.

இவற்றைத் தாண்டி வண்டி திணறினால்தான் கோளாறு தேட வேண்டும். பார்க்க எளிய வழி உண்டு. காரைக்குடியைச் சுற்றி மேடு பள்ளமில்லாத நேர்சாலைக்குப் பஞ்சமில்லை. ஆளில்லாத ஒரு துண்டைப் பிடித்து, மூன்றாவது கியரில் 40-இலிருந்து 80 வரை முழு மிதியில் எத்தனை விநாடி என்று பக்கத்து சீட்டுக்காரரை அளக்கச் சொல்லுங்கள். காலை 6 மணிக்கு ஒரு தரம், மதியம் 2 மணிக்கு ஏசி இல்லாமல் ஒரு தரம், ஏசியோடு ஒரு தரம். காற்றுக்காக இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். ஏசி இல்லாத மதிய ஓட்டம் காலையைவிடப் பத்தில் ஒரு பங்கு நீண்டால் இயல்பு. மூன்றில் ஒரு பங்கு நீண்டால் பானெட்டைத் திறக்கலாம்.

அதற்கு முன் ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டிக் கம்ப்யூட்டரின் அளவீடுகளைப் படித்துக் காட்டும் கருவி. கைபேசியோடு புளூடூத்தில் இணையும் சிறிய கருவியே போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிக்கொள்ளலாம். செக் இன்ஜின் லைட் எரியவில்லை என்பதற்காக இதைத் தவிர்க்காதீர்கள். பார்க்க வேண்டியவை: கூலண்ட் வெப்பம், உள்வாங்கும் காற்றின் வெப்பம், இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தம், டைமிங், ஆக்ஸிஜன் சென்சார் (புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்ப்பது) வோல்ட். முக்கியமான விதி ஒன்றுதான்: வண்டி திணறிக்கொண்டிருக்கும்போதே இவை பதிவாக வேண்டும். ஒர்க்‌ஷாப் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுப் பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கும்.

மேனிஃபோல்டு அழுத்தம் நம் ஊரில் படிக்க வசதியானது. செட்டிநாடு கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை; இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருகினால் 99, 100 கிலோபாஸ்கல் காட்டும். டர்போ இல்லாத வண்டியில் முழு மிதியில் ஓடும்போதும் அதற்கு நாலைந்து குறைவாகத்தான் இருக்க வேண்டும். 88, 90 என்று நின்றால் காற்று வரும் வழியில் அடைப்பு. செம்மண் புழுதி ஏறிய ஏர் ஃபில்டர் முதல் சந்தேகம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊர் வீட்டில் மாதக்கணக்கில் கார் நிறுத்தி வைத்திருப்பவர்கள் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலி கட்டிய கூடும் கிடைக்கலாம்.

முழு மிதியில் ஆக்ஸிஜன் சென்சார் (சாதாரண ஒரு வோல்ட் வகை) 0.8-க்கு மேல் நிற்க வேண்டும். வெயிலில் மட்டும் அது 0.2-க்குக் கீழே விழுந்தால் பெட்ரோல் போதவில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்ப் மோட்டாரைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். கால் டேங்குக்குக் கீழே வைத்துக்கொண்டே திருச்சிவரை போய்வருபவர்களின் பம்ப்தான் முதலில் தளரும். சூட்டில் மோட்டார் சுருளின் மின்தடை ஏறும், வேகம் குறையும். பிரஷர் கேஜை மாட்டிச் சூட்டில் பாருங்கள்: பெரும்பாலான சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் 3 முதல் 4 பார். ஐடிலில் சரியாக இருந்து மிதித்ததும் இறங்கினால் பம்ப் அல்லது ஃபில்டர். பழைய அம்பாசிடரின் பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றிய வைத்தியம் இங்கே உதவாது. அது இன்ஜின் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியானதற்கான மருந்து; அழுத்தத்தில் ஓடும் இன்றைய குழாயில் அந்த நோய் அபூர்வம்.

கூலண்ட் வெப்பத்துக்கு டேஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் 80-க்கும் 100-க்கும் அது ஒரே இடத்தில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள்; சிலவற்றில் முள்ளே இல்லை. ஸ்கேனரில் 85 முதல் 100 வரை இயல்பு. 108, 110-ஐத் தாண்டினால் கம்ப்யூட்டர் முதலில் ஏசியை வெட்டும், பிறகு சக்தியையும் குறைக்கும்.

ஓடும்போது சரியாக இருந்து சிக்னலில் மட்டும் ஏறினால் ஃபேன். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். நெடுஞ்சாலையிலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று போக வேண்டும். அடைப்பு பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில் இருக்கும்: ஏசி கண்டன்சர் முன்னால், ரேடியேட்டர் பின்னால், இரண்டுக்கும் நடுவில் இலவம்பஞ்சும் பூச்சிச் சிறகும் புழுதியும் சேர்ந்து ஒரு மெத்தை. முன்பக்கம் பளபளவென்று இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்து, இன்ஜின் ஆறியபின் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி நிரந்தர அடைப்பாகிவிடும்.

உள்ளடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். கூலண்ட் குறைந்ததும் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். வாளியில் வெள்ளை படிய வைக்கும் அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். (உலோக அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி இருக்கும் ஊரில் இது கொஞ்சம் வேடிக்கைதான்.) எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. 0.9 அல்லது 1.1 பார் என்று பொறித்த ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் இந்தக் கலவை 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அதற்கு வெகு முன்பே கொதிக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான், சந்தேகமிருந்தால் மாற்றிவிடலாம். சூட்டில் மட்டும் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும்.

சூட்டில் மட்டும் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது) வந்தால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். ஸ்கேனரில் பி0302 (இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்) என்று கோட் வந்தால் இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் குற்றவாளி அதே காயில். திணறாமல் பட்டென்று அணைந்து, அரை மணி ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள்.

டர்போ டீசலில் கதை வேறு. டர்போவிலிருந்து 120, 150 டிகிரியில் வரும் காற்றை இன்டர்கூலர்தான் ஆற்றுகிறது. அதன் முகம் அடைத்தாலும், ரப்பர் ஹோஸ் சூட்டில் இளகிப் பிளவு வாய் திறந்தாலும் இழுவை போகும். ஹோஸ் விட்டிருந்தால் கரும்புகையும் 'உஸ்' சத்தமும் சேர்ந்து வரும். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேடுங்கள்.

ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் இன்ஜினை விட்டுவிடலாம், அது கிளட்ச். பிரேக் அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும், நாலு சக்கரத்தின் டிஸ்க், டிரம்மையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். அதே அச்சின் ஜோடிச் சக்கரத்தைவிட ஒன்று மட்டும் 50 டிகிரி கூடுதலாகக் காட்டினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெயிலில் பிரேக் ஆயில் விரிந்து அந்தப் பிடி இன்னும் இறுகும்.