புலனடக்கம்: அடக்குவதா, அடங்குவதா?

தை மாதம் பெருந்துறைப் பக்கம் ஒரு கோயிலில் சொற்பொழிவு. பேசியவர் 'இந்திரிய நிக்ரகம்' என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த பெரியம்மா மெதுவாக, "அதென்ன கண்ணு, நிக்ரகம்?" என்று கேட்டார். "புலனடக்கங்க பெரியம்மா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அடக்குனா அடங்குமா அது?" என்றார்.

நல்ல கேள்வி. அன்றிலிருந்து இந்தச் சொல்லைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்திரியம் வடசொல். 'இந்திரனுக்குரியது, இந்திரனின் ஆற்றல்' என்பது அதன் பழைய பொருள், பிறகு கண் காது முதலியவற்றைக் குறித்தது. நிக்ரகம் என்றால் பிடித்து ஒடுக்குவது. துஷ்ட நிக்ரகம் என்கிறோமே, அதே நிக்ரகம்தான். ஆக, அந்தத் தொடரிலேயே ஒரு பிடி, ஒரு தண்டனை இருக்கிறது.

தமிழில் பொறி வேறு, புலன் வேறு. மெய், வாய், கண், மூக்கு, செவி ஐந்தும் பொறிகள். அவற்றின் வழியே நமக்குத் தெரியவரும் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் ஐந்தும் புலன்கள். புலப்படு, புலமை, புலவர் எல்லாம் இந்தக் குடும்பம். அறிதல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது அடக்கம். அடக்கு என்றால் இன்னொன்றை அடக்குவது, அடங்கு என்றால் தானே தணிவது. அடக்கம் என்ற பெயர் இரண்டுக்கும் பொது. காற்று அடங்குகிறது, பொங்கின பால் அடங்குகிறது, ராத்திரி ஊர் அடங்குகிறது, யாரும் போய் அடக்குவதில்லை. திருமந்திரத்தில் திருமூலர் ஐம்புலன்களை ஐந்து பசுக்களாக்கி, 'மேய்ப்பாரும் இன்றி வெறித்துத் திரிவன' என்று பாடுகிறார். அப்புறம் 'மேய்ப்பாரும் உண்டாய் வெறியும் அடங்கினால்' என்கிறார், அடக்கினால் என்று சொல்லவில்லை. அடங்குவது வெறி மட்டும்தான், பசு அப்படியே இருந்து பால் சொரிகிறது. பார்த்துக்கொள்ள ஒருவர் வந்ததுதான் வித்தியாசம்.

சரி, குறள் 'ஐந்தவித்தான்' என்கிறதே, அவித்தல் என்றால் அணைப்பதுதானே என்று கேட்கலாம். பரிமேலழகர் அங்கே ஐந்து அவாவை அறுத்ததாகத்தான் உரை சொல்கிறார், கண்ணையும் காதையும் அல்ல. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் ஈரோட்டு மஞ்சள்தான் ஞாபகம் வரும். பச்சையாக வைத்த கிழங்கு முளைத்துவிடும், அவித்தது முளைக்காது. ஆனால் நிறமும் மணமும் அதிலேயே இருக்கும். பெரியம்மா தோட்டத்தில் கொப்பரையில் வேகவைத்த காலத்தில், நுரை கட்டி மணம் வந்ததும் ஒரு விரலியை எடுத்துக் குச்சியால் குத்திப் பார்ப்பார். கூடுதலாக வெந்தால் நிறம் கெடும், குறைந்தால் காய்ந்தபின் பொடிந்துபோகும், அதனால் அடுப்பை விட்டு நகரமாட்டார். என் கணக்கில் அவித்தல் என்றால் அந்தப் பக்கத்திலேயே நிற்பதும் சேர்த்துத்தான். குறளும் இன்னோரிடத்தில் 'ஐந்தின் வகைதெரிவான் கட்டே உலகு' என்கிறது. வகை தெரிந்தவன், அதாவது தனக்குள் எது எப்படி எழுகிறது என்று பார்க்கத் தெரிந்தவன்.

ஆகவே இந்திரிய நிக்ரகத்துக்குத் தமிழ் புலனடக்கம்தான், நிக்ரகத்தைவிட நல்ல சொல்லும்கூட. தன்னடக்கம் என்று எழுதாதீர்கள், அது இப்போது பணிவு என்ற பொருளுக்குப் போய்விட்டது. தன்னைக் கவனிக்கும் அந்த அறிவுக்குத் தன்னுணர்வு என்றே சொல்லலாம்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல் சூடாகும். நாற்பது வயதுக்கு மேல்தான் அதைக் கவனித்தேன். போன வாரம் மகன் ஸ்கூட்டரைக் கீழே போட்டு இண்டிகேட்டரை உடைத்துக்கொண்டு வந்து நின்றபோதும் சூடேறியது, ஏறுவது தெரிந்தது. வாயைத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், "அடி பட்டுச்சா சாமி?" என்றுதான் கேட்க வந்தது.