வயதின் தலையில் பழியைப் போடாதீர்கள்

போன கிழமையும் ஒருவர் வந்தார். மூதூர்ப் பக்கம், வயது 42. கீழ் முன்பற்கள் நான்கும் நாக்கால் தள்ளினாலே ஆடுகின்றன. முரசிலிருந்து இரத்தம் வருகிறதா என்று கேட்டால், "அது கனகாலமா வருது டொக்டர், வயசு போகுதுதானே" என்கிறார். திருகோணமலையில் இந்த "வயசு போகுதுதானே"யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சரி, வயதுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஆய்வுகூடச் சுண்டெலி இரண்டு வருடம், கொஞ்சம் மிஞ்சி வாழும். கிழடான பிறகு பார்த்தால், கடைவாய்ப் பற்களைத் தாங்கும் எலும்பு இளசுக்கு இருப்பதைவிடக் குறைந்திருக்கும். (முன்பல்லைப் பார்த்துப் பயனில்லை, எலிக்கு அது சாகும்வரை வளரும்.) ஆனால் அது மெல்ல மெல்ல நடக்கிற தேய்வு.

அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் நெல் எலி என்று ஒன்று உண்டு. பால் மறந்த குட்டிக்குச் சீனி நிறைந்த, மாவாக அரைத்த தீனியைக் கொடுத்தால், சில வாரங்களிலேயே முரசு வீங்கி எலும்பு கரையத் தொடங்கிவிடும். குட்டி எலி! அதற்கு என்ன வயது போய்விட்டது? ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு பிராணிகளை வைத்து கீஸ், ஜோர்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1964இல் காட்டியது இன்னும் மேல்: எலும்பைக் கரைக்கும் இந்த முரசு நோயில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் கிருமியின் பங்கும் இருக்கிறது.

எலிக்கு நடப்பதெல்லாம் அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எங்கள் நாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970 முதல் 15 வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பல் துலக்கும் வழக்கமோ சிகிச்சையோ இல்லாதவர்கள். அவர்களில் 8 வீதமானோருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 வீதமானோருக்கு நடுத்தரமாக. மீதி 11 வீதமானோருக்கு முரசு வீக்கத்தைத் தாண்டிப் போகவேயில்லை. எல்லோருக்கும் அதே 15 வருடம்தானே கூடியது? வயதுதான் காரணமென்றால் அந்த 11 வீதம் எங்கிருந்து வந்தது?

இன்னொரு புகார்: "கிளீன் பண்ணினதும் பல்லு ஆடுது." கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் மஞ்சளும் கறுப்புமாகக் காறை இறுகி, நான்கு பல்லையும் ஒரே சுவராகப் பிடித்து வைத்திருக்கும். வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அதை எடுத்ததும் நாக்குக்கு இடைவெளி தட்டுப்படும். எலும்பு போனது எப்போதோ, பழி மட்டும் எங்களுக்கு.

இரவில் துலக்காமல் படுக்காதீர்கள். மென்மையான பிரஷ் போதும், பல்லும் முரசும் சேரும் ஓரத்தில் சாய்த்துப் பிடியுங்கள். செங்கல் தூளையும் கரியையும் தூக்கிப் போடுங்கள். பத்து மணிக்குப் பணிஸ், நாலு மணிக்குச் சீனித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் என்று நாள் முழுக்கக் கொறிக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள், தயவுசெய்து, கண்ணையும் காலையும் காட்டுவதுபோல முரசையும் வருடத்துக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். புகைப்பவர்கள் "எனக்கு இரத்தமே வருவதில்லை" என்று சந்தோஷப்பட வேண்டாம், புகை அதை மறைத்துவிடும்.

இரத்தம் வரும் இடத்தில் பிரஷ் போடப் பயப்படாதீர்கள், அங்கேதான் போடவேண்டும். இரண்டு கிழமை ஒழுங்காகத் துலக்கியும் நிற்கவில்லையா, உடனே வாருங்கள். ஆடத் தொடங்கிய பிறகு வந்தால் கரைந்த எலும்பை நான் எங்கே போய்த் தேடுவது?